இரத்தக் குழாயில் ஒளியின் பணி

சிறிது தூரம் நடப்பதற்குள் கெண்டைக்காலில் வலி பிடித்துக்கொள்வதையும், சற்று நின்றவுடன் அது தானே தணிந்துவிடுவதையும் வயோதிகத்தின் இயல்பென்று எண்ணி வருஷக்கணக்கில் பொறுத்திருந்து, கால்விரல் கறுத்து ஆறாத புண் கண்ட பின்னரே வைத்தியரை நாடி வருகிறவர்கள் அநேகர். புகைப் பழக்கமும் நீரிழிவும் அவர்களுள் மிகுதி. தொடைத் தமனியில் கொழுப்பும் சுண்ணாம்பும் உறைந்த இரத்தமும் சேர்ந்து அடைத்த வழியைத் திறப்பதற்குப் பல உபாயங்கள் இருப்பினும், லேசரைக் கையாண்டு வந்த அனுபவத்தில் என் மனத்தில் ஆழப் பதிந்த உண்மை ஒன்று உண்டு: இவ்வொளியின் பெருமை முழுவதும் அதன் அடக்கத்திலேயே இருக்கிறது.

1964-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், காலை இழக்கும் தறுவாயிலிருந்த ஒரு மூதாட்டியின் தொடைத் தமனியைச் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் கத்தியின்றிக் குழல்களைச் செலுத்தியே விரித்தார். 1980-களில் இத்துறைக்கு வந்த முதல் லேசர்களோ, இடைவிடாத ஒளியால் வெப்பத்தை மூட்டி, அடைப்போடு குழாயின் சுவரையும் சுட்டுத் துளைத்தமையால் நம்பிக்கையை இழந்தன. அதை மீட்டுத் தந்தது எக்ஸைமர் என்னும் புறஊதா லேசர். அவ்வகை ஒளி, சுற்றுப்புறம் கருகாமல் தசையைச் செதுக்க வல்லது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், 1981-ல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியைக் கொண்டு சோதித்தறிந்தார் என்பது நமக்குப் பெருமிதம் தரும் சரித்திரம்.

நாங்கள் கையாளும் ஒளி 308 நானோமீட்டர் அலைநீளமுடையது. ஒரு விநாடியைக் கோடி பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்கே நீடிக்கும் துடிப்புகளாக வந்து, சுமார் 0.05 மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே சென்று, தொட்ட இடத்தைக் கரைத்துவிட்டு நின்றுவிடுகிறது. ஒளி இத்தனை அடக்கமாயிருக்கக் கை அவசரப்படலாகாது. முன்னே சென்ற மெல்லிய கம்பியின் வழியே, விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரை மீறாமல் ஒளியைக் கொண்டுசெல்லும் குழலாகிய கதீட்டரை நகர்த்த வேண்டும். விரைந்து தள்ளினாலோ, ஒளிக்கு அவகாசமின்றிக் குழல் வெறும் ஆப்பாகி அடைப்பைப் பிளந்துகொண்டு போகும். இரத்தமும், படமெடுக்கச் செலுத்திய சாயமும் ஒளியை உறிஞ்சி, சுவரைக் கிழிக்கத்தக்க குமிழிகளை எழுப்புமாகையால், உப்புநீரால் அவ்விடத்தை இடைவிடாது கழுவிக்கொண்டே முன்னேற வேண்டும்.

தமனியை விரித்துவைக்க முன்பு பொருத்திய ஸ்டென்ட் என்னும் வலைக்குழலுக்குள் மீண்டும் வளர்ந்த அடைப்பில் இவ்வொளி சிறப்பாக உதவுகிறது. கனத்த சுண்ணாம்புப் படிவிலோ தயங்கி நிற்கிறது. ஒளி வழிவிட்ட பின்னும் பலூன் வைத்து விரிப்பது பெரும்பாலும் அவசியம். சிதறிய துகள் பாதத்தின் சிறு நாளங்களை அடைக்கவில்லை என்று பார்த்துத் தெளிவதும், புகையை விடுத்துத் தினமும் நடக்கும்படி நோயாளியைப் பழக்குவதும் சிகிச்சையின் அங்கங்களே. ஆகவே, இக்கலையைப் பயில வரும் இளம் மருத்துவர்கள், லேசரைச் செலுத்தக் கற்பதோடு, அது வேண்டாத காலில் அதை எடுக்காமலிருக்கவும் சமமான சிரத்தையோடு கற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.