மைத்துனனிடம் சொல்லாதது

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. வீடியோகேம் விற்கும் கேம்ஸ்டாப் கம்பெனியின் பூர்வீகம் அத்தனையும் எனக்குத் தெரியும். டெக்சாஸில் நான் குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் அதன் தலைமையகம் இருக்கும் கிரேப்வைன்.

ஹார்வர்டில் படித்த இரண்டு நண்பர்கள் 1984இல் டாலஸில் 'பேபேஜஸ்' என்று ஆரம்பித்த கடை அது. 1994இல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து நியோஸ்டார் ஆகி, இரண்டே வருடத்தில் திவாலானது. புத்தகக்கடை முதலாளி லெனார்ட் ரிஜியோ வாங்கித் தூக்கி நிறுத்தினார். 1999இல் அவர் தலைவராக இருந்த பார்ன்ஸ் அண்ட் நோபிளே அதை அவரிடமிருந்து 21.5 கோடி டாலருக்கு வாங்கியது. மனிதர் சாமர்த்தியசாலி. 2005இல் அந்தக் கடை, கேம்ஸ்டாப் என்ற பெயரில், போட்டிக்கடையான எலக்ட்ரானிக்ஸ் பொட்டிக்கையும் 144 கோடி டாலருக்கு விழுங்கியது.

அத்தனைக்கும் படியளந்தது பழைய டிஸ்க். பிள்ளைகள் விளையாடி அலுத்ததை அடிமாட்டு விலைக்கு எடுத்து, புதியதைவிட ஐந்து டாலர் குறைத்து விற்பார்கள். விற்ற விலையில் கிட்டத்தட்டப் பாதி கடைக்கு மிஞ்சும். விளையாட்டை உருவாக்கியவருக்கு ஒரு சென்ட் போகாது. டவுன்லோட் வந்ததும் கல்லாவுக்குத் திரும்பிவர டிஸ்க்கே இல்லாமல் போனது. செல்போன் கடை, பொம்மைக் கடை என்று எதையெதையோ வாங்கிப் பார்த்தார்கள். 2018 நிதியாண்டில் மட்டும் நட்டம் 67 கோடி டாலர்.

இவ்வளவும் தெரிந்துதான் 2021 ஜனவரியில் அந்தப் பங்கை வாங்கினேன். விலை விழும் என்று பந்தயம் கட்டிய பெரிய முதலீட்டு நிறுவனங்களைச் சாமானியர்கள் பங்கை வாங்கி விலையை ஏற்றிப் பழிவாங்கும் நேரம் என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் பேசினேன். 2008 நிதி நெருக்கடியில் வீடு இழந்தவர்களுக்கெல்லாம் இது நியாயம் என்று மைத்துனனுக்குப் போனில் பிரசங்கமே செய்தேன். "நீங்க சொன்னா சரி மச்சான்" என்று அவன் கார் வாங்கச் சேர்த்த பணத்தைப் போட்டான். அவன் வாங்கியபோது விலை முந்நூறைத் தாண்டியிருந்தது. நான் நாற்பதுக்குள் வாங்கியவன்.

ஜனவரி 29, வெள்ளிக்கிழமை. என்னுடையதை முழுக்க விற்றேன். அவனிடம் சொல்லவில்லை.

திங்களன்று விலை சரிந்தபோது அவனே கூப்பிட்டு, "வித்துடவா மச்சான்?" என்றான். அப்போதுகூட இருநூற்றுச் சொச்சம் இருந்தது. "பொறு மாப்ள, இப்ப வித்தா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்" என்றேன். அடுத்த நாள் தொண்ணூறு. பிப்ரவரி முடிவதற்குள் நாற்பது வரை போனது.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் விற்பதால் எனக்கு ஒரு காசு நட்டமில்லை. ஆனால் விற்கச் சொன்னால், "நீங்க வித்தாச்சா?" என்று கேட்பான். விற்றாயிற்று என்றால், நியாயம் என்று நான் பேசியதெல்லாம் பேராசைக்குப் போர்த்திய சால்வை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு கேள்வியைத் தவிர்க்க அவன் பணத்தைக் கரையவிட்டேன்.

இரண்டு பேருமே மாட்டிக்கொண்டோம் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். உறவினர் கூடிய ஒரு விருந்தில், "மச்சானுக்கும் பெரிய அடிதான், பாவம்" என்று எனக்காகப் பரிந்து பேசினான். நான் தட்டைப் பார்த்தபடி "ஆமா" என்றேன்.