பற்றரியும் அம்மாவின் மருந்தும்

சென்ற ஆண்டு அவுஸ்திரேலியாவிலே, படுக்கையும் அடுப்பும் அமைந்த அண்ணரின் வீட்டுவண்டியிற் பிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குச் சென்றோம். மின்கம்பி எட்டாத இடம். குளிர்ப்பெட்டியிலோ அம்மாவின் இன்சுலின். திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருத்தல் வேண்டும். ஆகவே பற்றரியே எங்களுக்கு மூத்தவராயிற்று. எதனையும் அதைக் கேட்டே செய்தோம்.

100 அம்பியர்-மணி என எழுதியிருப்பதைக் கண்டு மயங்கலாகாது. ஈய அமிலப் பற்றரியிற் பாதியையே செலவிடலாம். அடிக்கடி அதற்குமேல் எடுத்தால் ஆயுள் குன்றும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும் என்றறிந்த யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிதன்று. குளிர்ப்பெட்டி ஒன்றே நாளுக்கு 30, 40 அம்பியர்-மணியைக் குடித்துவிடும். 1000 வாற்று மின்கேத்தல் 80 அம்பியருக்கு மேல் இழுக்கும். தேநீருக்கு வாயு அடுப்பே கதி. மரநிழலை விடுத்து வெயிலில் வண்டியை நிறுத்தினோம். அந்நாட்டிற் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால், சூரியத் தகடுகளை அண்ணர் வடக்கு நோக்கித் திருப்பிவைத்தார்.

மூன்றாம் நாள் வானம் மூடிக்கொண்டது. மறுநாட் காலையில் மானி 12.2 வோல்ற்றுக் காட்டியது. ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிட்டது. இன்னுமொரு நாள் தங்குவோமென அண்ணரின் மகன் கெஞ்சினான்.

“எனக்காகவோ புறப்படுகிறீர்கள்?” என்றார் அம்மா.

அண்ணர் விடை கூறாது இயந்திரத்தை முடுக்கினார். ஓடும் வண்டி பற்றரிக்கும் மின்னூட்டும். மானி 13ஐத் தாண்டியதை அம்மாதான் முதலிற் கண்டார்.