பாகமும் பாசமும்

முன்னோர் தேடிய பொருள் பின்னோர்க்குப் பயன்பட வேண்டும் என்பதே யாவர்க்கும் விருப்பம். ஆயினும், அப்பொருளைப் பங்கிடும் வேளையில், ஒரு வயிற்றில் பிறந்தவர்களும் முகம் திருப்பிக் கொள்ளக் காண்கிறோம். இதற்குப் பேராசையே காரணம் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுவர். யான் கண்ட அளவில் அது முழு உண்மையன்று. ‘சமம்’ என்னும் ஒரு சொல்லுக்கு இருவர் இருவேறு பொருள் கொள்வதாலும் பூசல் விளைகின்றது.

யான் வாழும் மேடவாக்கம் தாம்பரத்திற்கும் வேளச்சேரிக்கும் இடையே அமைந்த ஊர். இன்று அடுக்குமாடி வீடுகளும் அங்காடிகளும் நிறைந்து விளங்கும் இவ்வூர், முன்னாளில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த சிற்றூர். இப்பகுதி ஏரிகள் நிரம்பினால், மிகுநீர் கலிங்கு வழியே வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிச் செல்லும். அக்காலத்தில் உடன்பிறந்தோர் பாகம் பிரித்தால், வயலின் நடுவே புதிய வரப்பு ஒன்று எழும். ஆனால் ஏரியை எவரும் பிரிக்க இயலாது. மதகு திறந்தால் முறை வைத்தே நீர் பாய்ச்ச வேண்டும். மேல் வயலுக்கு உரியவன் வழி விட்டால்தான் கீழ் வயல் நனையும். கிணறும், களமும், வண்டிப் பாதையும் பெரும்பாலும் பொதுவில் விடப்படும். ஆதலின், காலையில் பிணங்கியவர்கள் மாலையில் மதகடியில் பேசியே தீர வேண்டியிருந்தது. நிலம் பிரித்தாலும் நீர் சேர்த்து வைத்தது.

இன்று வயல் மனையாயிற்று. 435 சதுர அடிக்குச் சற்று மிகுந்தது ஒரு சென்ட் என்று கணக்கிடப்படுகின்றது. தம் பங்கை விற்றுப் பணமாக்கிக்கொண்டு செல்வோர், மறுநாள் உடன்பிறந்தார் முகத்தில் விழிக்க வேண்டிய தேவையில்லை. ஏரி இட்டிருந்த கட்டு அவிழ்ந்துவிட்டது. இனி அறிவும் அன்புமே அக்கட்டாக அமைதல் வேண்டும்.

எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். உழைத்துத் தேடிய நிலத்துள், மக்களின் படிப்பிற்கும் மணத்திற்கும் விற்றது போக, அவரிடம் 12 சென்ட் எஞ்சியிருந்தது. மனைவியை முன்னரே இழந்த அவருக்கு மக்கள் மூவர். மூத்த மகனுக்கு ஒரே மகள். நடுவில் பிறந்த மகளுக்குப் புதல்வர் இருவர். இளைய மகனுக்குப் பிள்ளைகள் மூவர். “இந்த நிலம் என் பேரப்பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரட்டும்” என்று பெரியவர் பலமுறை சொன்னாரேயன்றி, எழுதி வைக்காமலே மறைந்தார்.

‘சமம்’ என்றால் என்ன? கிளைக்கு ஒரு பங்கு என்றார் மூத்தவர். அதன்படி கிளை ஒவ்வொன்றுக்கும் 4 சென்ட். மூத்தவர் மகள் ஒருத்தியே 4 சென்ட் பெறுவாள். இளையவர் பிள்ளைகள் மூவரும் ஆளுக்கு ஒன்றேகால் சென்ட்டுக்குச் சற்று மிகுதியாகப் பெறுவர். தலைக்கு ஒரு பங்கு என்றார் இளையவர். அதன்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் 2 சென்ட். மூத்தவர் கிளைக்கு 2, நடுக்கிளைக்கு 4, இளையவர் கிளைக்கு 6. இரண்டு கணக்கிலும் பிழையில்லை. இரண்டும் சமமே.

இளையவர் என்னிடம் தமிழ் பயின்றவர். ஒருநாள் அவர் வந்து, “ஐயா, என் கடைக்குட்டியைத் தோளில் தூக்கிச் சுமந்தபோது, இவன் மூன்றில் ஒரு பங்குப் பேரன் என்றா அப்பா எண்ணினார்?” என்று கேட்டார். மறுநாள் மூத்தவர் வந்து, “புலவர் ஐயா, எனக்கு ஒரே பிள்ளையாய் அமைந்தது என் மகள் செய்த குற்றமா?” என்றார். இருவர் கண்களிலும் நீர் நிறைந்திருந்தது. இதற்கிடையே உறவினர் சிலர், “மகள் வயிற்றுப் பேரர்கள் வேற்றுக் குடியினர். சீர் செய்து அனுப்பிய பின் பங்கு எதற்கு?” என்று மூட்டிவிட்டனர்.

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த தந்தை தாமே தேடிய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒத்த பங்கு உண்டு. மக்களுள் ஒருவர் முன்னரே இறந்திருப்பின், அவருடைய பிள்ளைகள் அந்த ஒரு பங்கைத் தம்முள் பகிர்ந்துகொள்வர். பெற்றோர் உயிரோடிருக்கையில், அச்சொத்தில் பேரர்க்கு நேரே பங்கில்லை. எனவே அம்மூவரும் விரும்பியிருந்தால், தத்தம் பங்கைத் தாமே வைத்துக்கொண்டிருக்கலாம். தந்தையின் சொல்லைக் காக்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் பிணங்கினர். இரண்டு பொங்கல் நாட்களில் அவ்வீட்டு முற்றத்தில் பானை ஏறவில்லை.

மூவரையும் ஒருசேர அமரச் செய்து, கோவூர்கிழார் வரலாற்றை எடுத்துரைத்தேன். உறையூர்க் கோட்டையினுள் நெடுங்கிள்ளி அடைபட்டிருந்தான். நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தான். இருவரும் சோழர். இருவர்க்கும் இடையே சென்ற புலவர், எவன் பக்கம் நீதி என்று ஆராயவில்லை. இருவரும் ஆத்தி மாலையே சூடியிருப்பதைச் சுட்டிக் காட்டினார்.

அதுவரை வாய் திறவாதிருந்த நடு மகள் அப்போது பேசினார். “அண்ணன் கணக்கில் என் பிள்ளைகளுக்கு நான்கு, தம்பி கணக்கிலும் நான்கு. எனக்கு இதில் ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. அண்ணா, நீங்கள் இரண்டு சென்ட் விட வேண்டாம், ஒன்று விடுங்கள். தம்பி, நீ இரண்டு கேட்க வேண்டாம், ஒன்று பெற்றுக்கொள்.” மூன்று, நான்கு, ஐந்து! இரு கணக்கிற்கும் சரிநடுவே அது நின்றது. எவரைப் பங்கில்லாதவர் என்று ஒதுக்க எண்ணினரோ, அவர் வாயிலிருந்தே தீர்வு பிறந்தது. பத்திரம் பதிவாயிற்று.

எல்லாக் குடும்பங்களும் இவ்வாறு கரை சேர்வதில்லை. அருணாச்சல கவுண்டர் – பொன்னுசாமி வழக்கு என்று அறியப்படும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று 1991இல் தொடுக்கப்பட்டது. மகன் இல்லாது இறந்த ஒருவர் தாமே தேடிய சொத்து மகளைச் சேருமா, உடன்பிறந்தார் வழியைச் சேருமா என்பதே வினா. மகளையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 சனவரி 20 அன்று தீர்ப்பளித்தது. பெண்மக்களின் உரிமையை நிலைநாட்டிய நற்றீர்ப்பு அது. ஆயினும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. வழக்கின் பெயரில் நிற்கும் அருணாச்சல கவுண்டரும் அத்தீர்ப்பைக் காண உயிரோடு இல்லை.

ஆதலின் பெரியோர்க்குக் கடமை ஒன்று உண்டு. தம் கருத்தைத் தெளிவுற எழுதி வைத்தல் வேண்டும். இரு சாட்சிகள் கையொப்பமிட்ட உயிலை, எழுதியவர் தம் வாழ்நாளில் எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம். யாருக்கு எவ்வளவு என்பதோடு, ஏன் அவ்வாறு என்பதையும் மக்களை அழைத்துச் சொல்லிவிடுதல் நன்று. பங்கு குறைந்தவர் நெஞ்சம் பெரும்பாலும் நிலத்திற்காக வருந்துவதில்லை. தம்மீது அன்பு குறைந்ததோ என்றே வருந்துகின்றது.

இளையோர்க்கும் கடமை உண்டு. மாணவர்களே, பங்கு கேட்கும் உரிமை எவர்க்கும் உண்டு. அதனைக் கேட்குமுன், எதிரே நிற்பவர் கையிலுள்ள அளவுகோலையும் ஒருமுறை வாங்கி அளந்து பாருங்கள். அதிலும் நீதி இருக்கக் காண்பீர்கள்.