சிவப்பு மையில் அடித்த வரிகள்

அப்பாவின் துப்பாக்கி லைசென்ஸ் புத்தகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் பிரதி என்னிடம் இருக்கிறது. அசல் கலெக்டர் ஆபீசோடு போய்விட்டது. 2006-ல் அவர் இறந்ததும் வாரிசு உரிமம் கேட்டு மனு போட்டேன். அப்போது வாங்கிக்கொண்டு, எனக்குப் புதிதாக ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் கையிருப்பில் இருந்த மூன்று துப்பாக்கிகளை மட்டும் எழுதியிருந்தார்கள். பழையதில் ஆறு வரிகள் உண்டு. நல்லவேளை, அசலைக் கொடுப்பதற்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். விற்ற துப்பாக்கிகளின் மேல் சிவப்பு மையில் கோடு அடித்து, பக்கத்தில் தேதியும் முத்திரையும் வைத்திருப்பார்கள். ஜெராக்ஸில் அந்தச் சிவப்பும் கறுப்பாகவே விழுந்திருக்கிறது.

எங்கள் ஊர் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை. ராத்திரியானால் பன்றி. துப்பாக்கி அங்கே கவாத்துக் கத்தி மாதிரி ஒரு தோட்டச் சாமான்தான். ஆயுதச் சட்டமே அப்படித்தான் பார்க்கிறது. 1959-ம் வருஷத்துச் சட்டத்தில், பயிர்க் காவலுக்காக வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கென்றே தனியாக ஓர் உட்பிரிவு உண்டு. அப்பாவின் புத்தகத்தில் முதல் வரி அந்த வகைதான், தாத்தா வழி வந்தது. கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்து இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நார் வைத்து இடித்து, கடைசியாகக் கேப்பைச் செருகவேண்டும். அதற்குள் பன்றி அடுத்த தோட்டத்துக்குப் போயிருக்கும்.

இரண்டாவது வரி பெல்ஜியத்து ஒற்றைக் குழல், பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக இறங்குமோ அது பன்னிரண்டு போர் என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதைக் கையில் வைத்துக்கொண்டுதான். மூன்றாவது ஒரு பாயிண்ட் டூ டூ. நான்காவது வெப்ளி அண்ட் ஸ்காட், பர்மிங்காமில் செய்த இரட்டைக் குழல். ஐந்தாவது மூன்று-பதினைந்து ரைஃபிள், இஷாப்பூர் தொழிற்சாலையுடையது. ஆறாவதும் அரசாங்கச் சரக்குதான், பன்னிரண்டு போர் இரட்டைக் குழல். இரண்டு, மூன்று, நான்கு ஆகிய வரிகளின் மேல் கோடு. ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் அவர் வைத்திருந்ததில்லை. 1983-ல் சட்டத்தைத் திருத்தி மூன்றுதான் உச்சம் என்றபோது, ‘நமக்குச் சரியாகப் போச்சு’ என்றாராம்.

அந்தத் தேதிகளை ஒருநாள் உட்கார்ந்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருகிற வரைக்கும் அப்பா எதையும் விற்கவில்லை, வாங்கியதும் குறைவு. விற்பதும் மாற்றுவதும் எல்லாம் அதற்குப் பிறகுதான். சுட ஒன்றுமில்லை என்று ஆனபிறகு மனுஷனுக்குக் கை அரித்திருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தரம் மதுரைக்குப் போவார். துப்பாக்கிக் கடையில் அரைநாள் உட்காருவார், டீ குடிப்பார், திரும்பி வருவார். சில தடவை வேறு துப்பாக்கியோடு வருவார்.

சிறுவனாக நானும் இரண்டொரு முறை கூடப் போயிருக்கிறேன். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா, ஏறக்குறைய அதே நாடகம்தான். முதலில் யாரும் விலையைப் பற்றிப் பேசமாட்டார்கள். கடைக்காரர் துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலை ட்யூப்லைட்டுக்கு நேரே நீட்டி, ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்ப்பார். “புள்ளி விழுந்திருக்கே முதலாளி.” அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்து கட்டையைப் பிடித்து லேசாக உதறி, கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்குச் சமானம் அது. பிறகு உள்ளே போய் வேறொன்றை எடுத்துவந்து, துணியை விலக்கி மேஜைமேல் வைப்பார். அந்தத் துணியை விலக்குகிற நேரத்தில்தான் வியாபாரம் முடிகிறது, மிச்சமெல்லாம் பேச்சு.

1974-ல் பெல்ஜியத்துக்காரனைக் கொடுத்து, மேலே பணமும் கொடுத்து, வெப்ளியை அப்படித்தான் வாங்கினார். கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது கடையில் விட்டுப்போனது என்றார்கள். அம்மா அதைத் ‘துரைத் துப்பாக்கி’ என்பாள். இருட்டில் தொட்டாலே தெரியும், கட்டையில் கை வைக்கிற இடம் மட்டும் சின்னச் சின்னக் கட்டமாகச் செதுக்கியிருக்கும். ஏழு வருஷம் அது வீட்டில் இருந்தது. அப்பா அதைச் சுட்டதைவிட எண்ணெய் போட்டுத் துடைத்ததுதான் அதிகம்.

1981-ல் அதைக் கொடுத்துவிட்டு ரைஃபிளை வாங்கினார். ஏன் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. பணமுடை இல்லை, கல்யாணம் கார்த்திகை இல்லை. ‘ரைஃபிள்னு ஒண்ணு கையில இருந்து பாக்கணும்ல’ என்றாராம், அவ்வளவுதான். அந்த மூன்று-பதினைந்தின் கதையும் வேடிக்கையானதுதான். பட்டாளத்துத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போய்விடக்கூடாது என்று மூன்று-நாட்-மூன்றை வெள்ளைக்காரன் தடுத்துவைத்தான். அதற்குப் பதிலாக, ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் தோட்டாவை ஒட்டி இங்கே உருவானது இது. பட்டாளத் துப்பாக்கி மாதிரி தோற்றம், பட்டாளத் தோட்டா போகாது. மலையில் எங்கள் ஊர்க்காரர்கள் அதைச் சுமந்துகொண்டு நடந்தால் ஒரு மரியாதை கிடைத்தது, அதைத் தவிர வேறு உபயோகம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வெப்ளி கம்பெனி 1979-லேயே வேட்டைத் துப்பாக்கி செய்வதை நிறுத்தியிருந்தது. எண்பதுகளின் நடுவில் இந்திய அரசும் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதோடு நாட்டில் இருந்த சீமைத் துப்பாக்கிகள் எத்தனையோ அத்தனைதான், இனி ஒன்றுகூட வராது என்றானது. விலை ஏறத் தொடங்கியது. அப்பா நாலாயிரத்துச் சொச்சத்துக்கு மதிப்புப் போட்டுக் கொடுத்த துப்பாக்கிக்கு லட்சத்தில் விலை சொன்னார்கள். யாராவது இதைச் சொன்னால், ‘வித்தப்ப அது நல்ல விலைதான்’ என்று பேச்சை முடித்துவிடுவார். ஆனால் வெப்ளியோடு வந்த கான்வாஸ் உறையை மட்டும் கடைக்காரருக்குக் கொடுக்கவில்லை. 1988-ல் பாயிண்ட் டூ டூவைக் கொடுத்து வாங்கிய சர்க்கார் இரட்டைக் குழலுக்கு அதைத்தான் மாட்டி வைத்தார். மாப்பிள்ளை சட்டையைத் தோட்டக்காரனுக்குப் போட்ட மாதிரி இருக்கும்.

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் சனிக்கிழமைகளில் துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போய்ப் படம் அனுப்புவான். மூன்றைக் கொடுத்து ஒன்று வாங்கினேன் மாமா, அந்த ஒன்றைக் கொடுத்து இரண்டு வாங்கினேன் என்பான். அங்கே ஒரே மாகாணத்தைச் சேர்ந்த இரண்டு தனியாட்கள் மேஜைக்கு மேஜை கைமாற்றிக்கொள்ளலாம். கூர்க்கிலோ கொடவர்களுக்கு உரிமமே வேண்டாம், 2029 வரை விலக்கை நீட்டித்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்தாலும் வெடி, பெரியவர் செத்தாலும் வெடி. நமக்கு அப்படி இல்லை. தனியாள் தனியாளுக்கு விற்கவேண்டுமானால் கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்கவேண்டும். நம் நாட்டில் துப்பாக்கி சேர்க்கிறேன் என்று ஒருவன் சொன்னால் அவன் சேர்ப்பதெல்லாம் வரிகளைத்தான். ஒன்று போனால் ஒன்று வரும், போனதற்குக் கோடு விழும். அப்பாவிடம் கண்ணாடி அலமாரி இருந்ததில்லை, அந்தப் புத்தகம்தான் அலமாரி. அதையும் ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள்.

2019 டிசம்பரில் சட்டம் மறுபடி திருந்தியது. ஆளுக்கு ஒன்றுதான் என்று முதலில் மசோதா வந்து, எதிர்ப்பு கிளம்பி, இரண்டு என்று முடிந்தது. பரம்பரையாக வந்தாலும் இரண்டுதான். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கவேண்டும். அந்த ஒரு வருஷம் என்பது 2020. பாதி நாள் ஆபீசே திறக்கவில்லை. மூன்று துப்பாக்கிகளையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு லாக்டவுன் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். எதைக் கொடுப்பது?

புத்திசாலி தாத்தாவின் கெட்டிப்புத் துப்பாக்கியைக் கொடுத்திருப்பான். சுடாது, விலை போகாது, ஆனாலும் சட்டத்தின் கணக்கில் அதுவும் ஒரு முழுத் துப்பாக்கிதான், ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு மனசு வரவில்லை. ஜெராக்ஸில் கோடு விழாத முதல் வரி அது. மற்ற இரண்டையும் பார்க்கப் பார்க்க, இரண்டுமே வெப்ளி போனதற்கு வந்த ஈடு மாதிரிப் பட ஆரம்பித்தன. ஒன்றைக் கொடு என்று அரசாங்கம் சொன்னதற்கு, இரண்டைக் கொடுத்து ஒன்று வாங்குவது என்று நான் முடிவு செய்தேன். கை அரிப்பு ரத்தத்தில் வருகிற வியாதி போலிருக்கிறது.

ரைஃபிளை மதுரைக் கடை எடுத்துக்கொண்டது. பழையவருடைய மகன்தான் இப்போது கல்லாவில். இரட்டைக் குழலுக்கு ஆளைக் காட்டியதும் அவர்தான். நத்தம் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் 17 வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு பேங்கில் காவல் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருந்தால்தான் வேலை. உரிமம் வந்துவிட்டது, புதுத் துப்பாக்கி வாங்கப் பணம் போதவில்லை. வீட்டுக்கு வந்தார். திறந்தார், குழலைப் பார்த்தார், தோளில் வைத்து ஜன்னலுக்கு வெளியே இருந்த சவுக்கு மரத்தைக் குறி பார்த்தார், இறக்கினார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் இருக்காது.

“சரியா இருக்கு சார். எவ்வளவு?”

முப்பத்தெட்டாயிரம் என்றேன். நாலு மாசத் தவணை கேட்டார். அப்பா துணியை விலக்கி விலக்கி அரைநாள் செய்த காரியத்தை இவர் நின்றபடியே முடித்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவருக்கு அது பி.எஃப்., சம்பளம், பெண்ணின் காலேஜ் ஃபீஸ். புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்க்க அவருக்கு என்ன இருக்கிறது? கான்வாஸ் உறையை மட்டும் நான் கழற்றி வைத்துக்கொண்டேன். அவர் ஒரு கோணிச் சாக்கில் சுற்றி, அதன்மேல் பெட்ஷீட்டைச் சுற்றி, எல்லாத் தாள்களையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வெப்ளி கிடைக்க மேலும் மூன்று மாதம் ஆனது. அப்பாவுடைய துப்பாக்கியின் நம்பரை ஜெராக்ஸிலிருந்து குறித்துக் கடைக்காரரிடம் கொடுத்திருந்தேன். அவர் சிரித்தார். “தம்பி, அது எந்த ஜில்லாவுல எந்தப் பரண்ல கெடக்கோ. அதே மாடல் ஒண்ணு வருது, பாருங்க.” வந்தது. பர்மிங்காம் முத்திரைகள், அதே செதுக்கல், அதே மணம்கூட. விலையை எழுதினால் என் மனைவி இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அவள் கணக்கு எளிமையானது. “ரெண்டு நல்லதக் குடுத்து, மேல காசும் குடுத்து, பழசா ஒண்ணு வாங்கியிருக்கீங்க. இப்ப வீட்ல இருக்கற ரெண்டுல ஒண்ணு சுடாது, இன்னொண்ண நீங்க சுடமாட்டீங்க.”

உண்மைதான். அதைவிட ஒரு சங்கடம் இருந்தது, அவளிடம் சொல்லவில்லை. தோளில் வைத்தால் எனக்கு இடிக்கிறது. இந்த மாதிரித் துப்பாக்கிகளின் கட்டையை வாங்குகிறவரின் கை நீளத்துக்கும் கழுத்துக்கும் தகுந்தபடி தச்சுவேலை செய்து கொடுப்பார்கள். யாரோ நெட்டையான ஒரு துரைக்கு அளவெடுத்தது இது. அப்பாவுடையதும் ஒரு துரைக்கு அளவெடுத்ததாகத்தானே இருந்திருக்கும்? அவர் என்னைவிடக் குட்டை. ஏழு வருஷமும் துடைத்துத் துடைத்து வைத்ததற்கும், காரணம் சொல்லாமல் மாற்றியதற்கும் இதுதான் காரணமோ என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். ஆசாரியிடம் கொடுத்தால் கட்டையை ஓர் அங்குலம் அறுத்துக் கொடுப்பார். அறுத்தால் விலை பாதியாகும். அப்படியே இருக்கிறது.

உறை மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது.

2021 சட்டமன்றத் தேர்தல் அறிவித்ததும் வழக்கம்போல ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. தேர்தல் முடியும்வரை உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கவேண்டும். வெப்ளியையும் தாத்தாவுடையதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரைட்டர் இரண்டிலும் அட்டையை நூலில் கட்டி, ஒரு மூலையில் மற்றவற்றோடு சாத்தி வைத்தார். உறையோடு வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டதால், அதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டே திரும்பினேன். வழியில் பேங்கில் ஒரு வேலை.

வாசலில் அவர் நின்றார். பேங்க் காவலர்களுக்கு ஒப்படைப்பதிலிருந்து விலக்கு உண்டு. காக்கிச் சட்டை, தோளில் தோட்டா வார், முகத்தில் மாஸ்க். அப்பாவின் இரட்டைக் குழல் கட்டை தரையிலும் குழல் மேலேயுமாக அவர் காலோடு ஒட்டி நின்றது. கட்டையில் பழைய மங்கல் போய், யாரோ வார்னிஷ் அடித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார். கடைசித் தவணையும் எப்போதோ வந்துவிட்டிருந்தது. என்னையறியாமல் என் கை அதன் பக்கம் நீண்டது. அவர் சிரித்துக்கொண்டே துப்பாக்கியை மெதுவாக மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“ரூல்ஸ் சார்.”

பிறகு என்ன நினைத்தாரோ, சட்டைப்பையிலிருந்து தன் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து, அட்டை கசங்காமல் பிரித்துக் காட்டினார். ஆயுதங்கள் பக்கத்தில் மேலே ஒரே ஒரு வரி. எனக்கு மனப்பாடமான நம்பர். அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது.