இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு சைக்கிள்

அரவை மாதங்களில் நெல்லிக்குப்பத்துக்கே ஒரு வாசனை உண்டு. ஆலையிலிருந்து மொலாசஸின் புளித்த இனிப்பு வரும். காற்று திரும்பினால் மிட்டாய்க் கம்பெனியின் பால் மிட்டாய் மணக்கும். சர்க்கரைத் தொழிலைப் பாரி கம்பெனி இங்கே தொடங்கியது 1840-களில். மிட்டாய்க் கம்பெனி வந்தது 1914இல். இரண்டின் வாசனையையும் வாரி இறைத்துக்கொண்டு எங்கள் தெருக்களில் சைக்கிள்கள் ஓடின.

வாடகை சைக்கிள் கடையில் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு வண்டியைத் தருவார்கள். மட்கார்டில் பெயிண்டால் எழுதிய நம்பர், கடைவாசலில் சாய்த்து வைத்த காற்றடிக்கும் பம்பு, விரலில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாத செயின் கிரீஸ். அரை சைக்கிள் எல்லாம் வெளியே போயிருந்தால் பெரிய வண்டியில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல்தான். ஹெர்குலிஸ் சைக்கிளை அம்பத்தூரில் செய்த முருகப்பா குழுமமே 1981இல் எங்கள் ஊர் ஆலையையும் வாங்கியது. கரும்பும் சைக்கிளும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஆன கதையைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

பண்ருட்டி சாலையில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பக்கத்தில் ஒட்டி ஓட்டி, ஒரு கையில் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மறு கையால் ஒரு கழியை இழுப்போம். "டேய்!" என்று வண்டிக்காரர் ஓர் அதட்டல் போடுவார். சிலர் தாமே ஒரு கழியை உருவி, "இந்தாடா தம்பி, கட்டு அவுந்துடப் போவுது" என்று நீட்டுவார்கள்.

ஊருக்கு வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். ஒரு விடுமுறை நாளில் எந்த ஆற்றுக்குப் போவது என்பதுதான் எங்கள் பெரிய விவாதம். தார் ரோட்டை விட்டு இறங்கினால் வண்டிப்பாதை. அது முடிந்தால் வாய்க்கால் கரை. அதுவும் குறுகினால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பு. வழியில் வெற்றிலைக் கொடிக்கால் வரும். வெளியே வெயில் கொளுத்தும்; அகத்தி வரிசைகளுக்கு நடுவே காலடி மண் சில்லென்று இருக்கும். அகத்தியைப் பற்றி ஏறும் கொடியை ஒருவர் பக்குவமாகக் கட்டிக்கொண்டிருப்பார். "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்கடா" என்பார். கொடிக்காலுக்குள் செருப்போடு நுழையக்கூடாது. பயிருக்கும் மரியாதை உண்டு என்று எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்த இடம் அது.

கெடிலத்தின் பக்கம் போனால் தூரம் தெரியாது. திருவந்திபுரத்தில் தேவநாதப் பெருமாளைச் சேவித்து, ஹயக்ரீவர் மலைப்படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கலாம். முகூர்த்த நாளென்றால் ஊர் முழுக்கக் கல்யாணக் கூட்டம். அப்பரின் சூலை நோய் தீர்ந்த திருவதிகை ஒரு பக்கம், கல்லோடு கடலில் தள்ளப்பட்டவர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூர் மறுபக்கம். இரண்டும் கெடிலக்கரை ஊர்கள், நாங்கள் நடுவில். தேவாரத்தைப் பாடமாக ஒப்பிப்பதற்கு முன்பே அப்பர் நடந்த மண் எங்கள் டயரில் ஒட்டியிருந்தது.

மீட்டர்கேஜ் ரயில் போய் 2010இல் அகலப்பாதை வந்தது. கரும்பு டிராக்டரில் ஏறியது. வாடகை சைக்கிள் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 2011 டிசம்பரில் வந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அதையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்தது. பாதைகள் போனதைத்தான் தாங்க முடியவில்லை. வண்டிப்பாதையில் மனைக்கல் நட்டார்கள். வாய்க்கால் கரையைச் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டது. கையால் தோண்டினால் ஊற்று வந்த பெண்ணை மணல் லாரி லாரியாகப் போனது. அந்தக் கரையில் அன்றாடம் சைக்கிள் ஓடியிருந்தால், ஆறு பள்ளமாவது யார் கண்ணிலாவது முதல் வாரமே பட்டிருக்கும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாலத்தைக் கடந்து போகிறவருக்கு ஆறு எப்படி இருந்தால் என்ன? 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது பெண்ணை பெருகி ஊர்களுக்குள் வந்த பிறகுதான் பலருக்கு அப்படி ஓர் ஆறு இருப்பதே நினைவுக்கு வந்தது.

காலால் மிதித்து அறிந்த ஊருக்காகத்தான் மனிதன் வாய் திறந்து பேசுவான். அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறார்கள். அது வீட்டுக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடித் தேயக்கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களைக் கெடிலக்கரைக்கு அனுப்பிவையுங்கள். மிச்சமிருக்கும் கொடிக்காலையும் வாய்க்காலையும் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். நாளைக்கு அங்கே மனைக்கல் நட யாராவது வந்தால், "இது எங்க வழி" என்று சொல்ல நாலு பேராவது இருப்பார்கள்.