சிறு தீவுகளும் நம் எழுவரும்

சென்ற 2025-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் காலை. பாலக்காடு சந்திப்பின் பார்சல் அலுவலகத்தில் இரவுப் பணியை முடித்துப் பதிவேட்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தோம். பொறுப்பேற்க வந்த மலையாள நண்பர், "குராசோ உலகக் கோப்பைக்குள் நுழைந்துவிட்டது, அறிந்தீரா?" என்று குதூகலத்துடன் கேட்டார். குராசோ என்பது ஊரின் பெயரா, ஆளின் பெயரா என்றுகூட நமக்கு விளங்கவில்லை. ஆயினும் கால்பந்தை மூச்சாகக் கொண்ட இந்நாட்டில் அறியாமையைக் காட்டிக்கொள்ள எவர்தாம் துணிவர்? தலையை மட்டும் அசைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வந்ததும் மகனின் பள்ளி நிலப்படத்தை விரித்தோம். தென் அமெரிக்காவின் வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே, கடுகளவு புள்ளியொன்று, அதுவே குராசோ. பரப்பு 444 சதுரக் கிலோமீட்டர். மக்கள் தொகை ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் பாலக்காட்டு நகராட்சியில் வாழ்ந்தோரே 1,30,000 பேர் என்றால், ஒப்பீட்டை அன்பர்களே செய்துகொள்ளலாம். நம் நகரம் ஒன்றே தனியாகப் பதினொருவரைத் திரட்டி உலக அரங்கில் நிறுத்தியது போன்றதாகும் இது. முந்திய நாள் மாலை, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், அந்நாட்டுக் குழுவைக் கோல் ஏதுமின்றிச் சமன் செய்து, 2026-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது அத்தீவு. அதற்குமுன் உலகக் கோப்பை ஆடிய நாடுகளுள் மிகச் சிறியதாக இருந்தது, 2018-இல் ஆடிய ஐஸ்லாந்து. அதன் மக்கள் தொகையோ ஏறத்தாழ மூன்றரை இலட்சம்.

இச்செய்தி நம்மை உறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த ஞாயிறன்று நம் சங்கத்தின் செயற்குழுவில் வைப்பதற்காக நாமே எழுதிய தீர்மானம் ஒன்று சட்டைப் பையில் மடிந்து கிடந்தது. 'சங்கத்தின் கால்பந்துக் குழுவைக் கலைப்பது. அதற்கு ஒதுக்கிய தொகையை ஏழை மாணவர்க்குக் குறிப்பேடு வாங்கச் செலவிடுவது' என்பதே அது. பொருளாளர் என்ற முறையில் நாம் எழுதியது. படிப்போர்க்கு நல்லெண்ணமாகவே தோன்றும். ஆனால் உண்மைக் காரணம் வேறு. கடந்த கோடையில், நம் பகுதியில் நடக்கும் எழுவர் பந்தயத்தில், நம் குழு முதல் ஆட்டத்திலேயே ஒன்பது கோல்கள் வாங்கித் தோற்றது. திருப்பி ஒன்றும் அடிக்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில், "ஒன்பது பார்சலும் பழுதின்றி வந்து சேர்ந்தனவா?" என்று நண்பர்கள் கேட்டனர். அந்த நகைப்பைப் பொறுக்கமாட்டாமல் எழுதிய தீர்மானமே அது. குறிப்பேடு ஒரு போர்வை.

இனி நம் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டனார் போடி மலைப்பாதை வழியே மூணாற்றுக்குக் கொழுந்து பறிக்க வந்தவர். 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் அமைந்தன. பாட்டனாரின் லயமும் அங்கேயே நின்றது. அந்த லயத்தில் பிறந்த தந்தையார், தோட்டக் குழுவின் கோல்காப்பாளராக விளங்கியவர். மூணாற்றில் தோட்டங்களுக்கிடையே நெடுங்காலமாக நடந்துவரும் பின்லே கேடயப் போட்டியை நம் வாசகருள் பலர் அறிவர். அப்போட்டி நாளில் தோட்டமே மைதானத்தில் திரண்டுவிடும். அட்டைக் கடியும் மழையும் பாராமல், ஒரே காலணியை ஆண்டுக்கணக்கில் தைத்துத் தைத்து ஆடியவர் அவர். பணி ஓய்வு பெற்றதும் லயத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பத்தாம் வகுப்போடு நின்று, தண்டவாளப் பராமரிப்பில் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரான நம்மிடம் வந்து தங்கினார். வந்து சில ஆண்டுகள் ஆகியும் இந்நகரம் அவருக்கு ஊராகவில்லை. திண்ணையில் அமர்ந்து கல்பாத்திப் பக்கம் போகும் பேருந்துகளை எண்ணிக்கொண்டிருப்பார். யாரோடும் பேச்சில்லை.

அவ்வாரம் இரவுதோறும், மகன் கைப்பேசியில் தேடித் தர, சிறு தீவுகளின் கால்பந்துக் கதைகளைப் படித்தோம். தந்தையாரும் பாயில் படுத்தபடி கேட்டுவந்தார்.

முதலில் அமெரிக்க சமோவா. பசிபிக் கடலின் நடுவே உள்ள சிறு தீவுக்கூட்டம். 2001 ஏப்ரல் 11 அன்று, ஆஸ்திரேலியாவின் காப்ஸ் ஹார்பர் நகரில், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் 31-0 எனத் தோற்றது. ஆர்ச்சி தாம்சன் என்ற ஒருவரே 13 கோல்கள் அடித்தார். அனைத்துலக ஆட்டங்களில் இன்றும் அதுவே மிகப் பெரிய தோல்வி. கடவுச்சீட்டுச் சிக்கலால் முதலில் தெரிந்தெடுத்த இருபதின்மருள் ஒருவரே ஆடத் தகுதி உடையவரானார். அவர் கோல்காப்பாளர் நிக்கி சலாப்பு. இளைஞர் குழுவினரை அழைக்கலாமென்றால் அவர்கட்குப் பள்ளித் தேர்வு. கடைசியில் பதினைந்து வயதுச் சிறுவரையும் சேர்த்துக்கொண்டு களம் இறங்கினர். பத்தாண்டுகள் கழிந்து, 2011 நவம்பர் 22 அன்று, அதே தீவு டோங்காவை 2-1 என வென்றது. தகுதிச்சுற்றில் அதன் முதல் வெற்றி அது. அன்றும் வலைக்கு முன் நின்றவர் அதே சலாப்பு.

அடுத்து பரோயே தீவுகள். வட அட்லாண்டிக் கடலில் ஐம்பதினாயிரம் பேர்கூட அன்று இல்லாத தீவுகள். ஆடத் தகுந்த புல்தரையும் இல்லை. ஆகவே தம் முதல் தகுதியாட்டத்தைச் சுவீடன் நாட்டில் ஆடின. 1990 செப்டம்பர் 12 அன்று, அவ்வாண்டே உலகக் கோப்பை ஆடிவந்த ஆஸ்திரியாவை 1-0 என வென்றன. கோல் அடித்தவர் மரம் விற்கும் தொழிலினர். கோல்காப்பாளரோ கம்பளிக் குல்லாய் அணிந்து ஆடியவர்.

நம் அண்டையிலும் கதை உண்டு. 1997-இல் மாலத்தீவு ஈரானிடம் 17-0 எனத் தோற்றது. ஏழாண்டுகளில், 2004 மார்ச் 31 அன்று, முந்திய உலகக் கோப்பையில் அரையிறுதி வரை சென்ற தென்கொரியாவை மாலே நகரில் கோலின்றித் தடுத்து நிறுத்தியது. 2008-இலும் 2018-இலும் தெற்காசியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் அது வென்றது எந்நாட்டை? நம் இந்தியாவையே. 2015 ஜூன் 16 அன்று குவாம் என்னும் பசிபிக் தீவு உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் நம்மை 2-1 என வீழ்த்தியதும் உண்மை. எண்ணிக்கையே வலிமையாயின் 140 கோடிப் பேர் உள்ள நாம் இன்றுவரை ஒருமுறையேனும் உலகக் கோப்பை ஆடியிருக்க மாட்டோமா?

தோற்போர் அனைவரும் ஒருநாள் வெல்வர் என்று சொல்ல வரவில்லை. கரீபியக் கடலில் மான்செராட் என்றொரு தீவு. 1995-இல் எரிமலை பொங்கத் தொடங்கி, தலைநகரான பிளிமத் சாம்பலில் புதைந்தது. மக்களுள் பெரும்பாலோர் வேறு நாடுகளுக்குச் சிதறினர். 2002 ஜூன் 30 அன்று, உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்த அதே நாளில், தரவரிசையின் கடைசி இரு நாடுகளான பூட்டானும் மான்செராட்டும் திம்பு நகரில் மோதின. அதிலும் மான்செராட் 4-0 எனத் தோற்றது. ஊர் புதைந்த பின்னும் ஊரின் பெயரால் குழு ஒன்று கடல் கடந்து, மலை ஏறி வந்து ஆடியதே, அதுதான் நம்மை அசைத்தது. இதைப் படித்தபோது தந்தையார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களோடு எழுபது உயிர்கள் மண்ணுள் போனதை அவர் நினைத்திருப்பார் போலும். நாமும் மேலே படிக்கவில்லை.

சற்றுப் பொறுத்து அவரே பேசினார். "ஏப்பா, அந்த முப்பத்தொண்ணு வாங்குன பய, முப்பத்தொரு தடவையும் பந்த வலைக்குள்ளேர்ந்து எடுத்து நடுவுக்கு அனுப்பியிருக்கான்ல? அதுவும் ஆட்டந்தான். ஆள எறக்காம விடுறதுதான் தோல்வி." பிறகு நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஒன்பது வாங்குன அன்னிக்கு நீ போயி நின்னியா?"

நாம் போகவில்லை. பணியிலிருந்து விடுப்புக் கேட்கவும் இல்லை. காணாத ஆட்டத்துக்காக வெட்கி, காணாத பிள்ளைகளின் குழுவைக் கலைக்கத் தீர்மானம் எழுதியிருந்தோம். "என்னையாவது ஒரு தடவ கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றார் அடுத்து. அச்சொல் நம்மை உறங்கவிடவில்லை. வீட்டில் ஒரு கோல்காப்பாளர் இருக்க, குழுவுக்குப் பயிற்றுவிக்க ஆளில்லை என்று கூட்டந்தோறும் குறைப்பட்டுக்கொண்டவர் நாமன்றோ!

ஞாயிற்றுக்கிழமை தீர்மானத்தைத் திரும்பப் பெற்றோம். குறிப்பேட்டுக்கு உறுப்பினர் ஆளுக்கு நூறு ரூபாய் தனியே தருவது என்று முடிவாயிற்று. பின் ஆள் எங்கே என்ற வினா எழுந்தது. நம் இளைஞர் திருப்பூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போய்விட்டனர். இதற்கும் தீவுகளே வழி காட்டின. குராசோவுக்கு ஆடியோர் பெரும்பாலும் நெதர்லாந்தில் பிறந்த பிள்ளைகள். அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று, விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டில், கேப் வர்டி என்னும் ஆப்பிரிக்கத் தீவு நாடு எஸ்வாத்தினியை 3-0 என வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அக்குழுவின் தடுப்பாட்டக்காரர் ராபர்ட்டோ லோப்பஸ், அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். தந்தை கேப் வர்டிக்காரர். வேலை தேடுவோர் பயன்படுத்தும் வலைத்தளம் ஒன்றின் வழியே பயிற்றுநர் போர்த்துகீசிய மொழியில் அழைப்பு விடுக்க, மொழி தெரியாத லோப்பஸ் அதைப் பொருட்படுத்தாமல் விட்டார். மாதங்கள் கழித்து ஆங்கிலத்தில் மீண்டும் அழைத்த பின்னரே இசைந்தார். அழைப்போர் சலிக்காமல் அழைத்ததும், பெயர்ந்து போனோரின் பிள்ளை தந்தையின் ஊரை மறுக்காததும் சேர்ந்தே அந்தத் தீவு எழுந்தது. நாமும் வெளியூர் சென்ற பதினொருவருக்கு எழுதினோம். ஐவர் மறுமொழி தந்தனர், மூவர் வந்தனர்.

தமிழர் மட்டுமே ஆட வேண்டும் என்று அன்பர் ஒருவர் வாதிட்டார். மொரீசியசுத் தீவை நினைவூட்டினோம். அங்கே நம்மவர் பெயரால் தமிழ்க் கேடட்ஸ் என்ற கழகமும், பிற சமூகங்களின் பெயரால் வேறு கழகங்களும் இருந்த காலம் உண்டு. பெயர்கள் பின்னர் மாறினும் பிரிவினை மாறவில்லை. 1999 மே 23 அன்று ஓர் ஆட்டத்தின் முடிவில் மூண்ட கலவரத்தில், தலைநகரில் வைத்த தீக்கு ஏழு உயிர்கள் இரையாயின. அதன் பின்னரே கழகங்களை வட்டார அடிப்படையில் மாற்றி அமைத்தனர். இதைக் கேட்ட அன்பர் மறுத்துப் பேசவில்லை. நம் வலையைக் காக்க அடுத்த தெரு மலையாளச் சிறுவன் வந்தான். தந்தையாருக்கு மலையாளம் குறைவு, அவனுக்குத் தமிழ் குறைவு. மாலைதோறும் கையசைவிலேயே பயிற்சி நடந்தது. திண்ணையில் பேருந்து எண்ணும் வழக்கம் தானே நின்றுபோயிற்று.

மாசி மாதத்தில் ஆட்டம். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தந்தையாருடன் கோட்டின் அருகே நின்றோம். நான்கு கோல்கள் வாங்கித் தோற்றோம். ஒவ்வொரு முறையும் அச்சிறுவன் பந்தை எடுத்து நடுவுக்கு அனுப்பும்போது தந்தையார் கைதட்டினார். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையில், முந்திய இரவு திருப்பூரிலிருந்து ரயிலேறி வந்த தம்பி ஒருவர் ஒரு கோல் அடித்தார். தந்தையார் நம் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், "இம்முறை நான்கு பார்சலோ?" என்றார் அதே நண்பர். "ஆம், இம்முறை ஒன்று நாமும் அனுப்பியிருக்கிறோம், பதிவேட்டில் பார்க்கலாம்" என்றோம். அவரும் சிரித்தார், நாமும் சிரித்தோம்.

அன்பர்களே! வெளியூரில் உள்ள தம் பிள்ளைகளுக்கு அடுத்த கோடையின் ஆட்ட நாளை இப்போதே எழுதித் தெரிவியுங்கள். விடை வராவிடில் மீண்டும் எழுதுங்கள். வீட்டுத் திண்ணையில் முதியவர் எவரேனும் பேசாமல் அமர்ந்திருப்பாராயின், மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். அவர் எந்த இடத்தில் ஆடியவர் என்று கேட்க நாம் அங்கே இருப்போம்.