பிக்கப் வண்டியில் படுக்கை போட்ட கதை

போன வாரம் வண்டிப் படத்தைப் போட்டதில் இருந்து இன்பாக்ஸ் நிரம்பி வழியுது. "சார், பின்னாடி படுக்கை எப்படிப் போட்டீங்க?", "பேட்டரி எத்தனை ஆம்பியர்?", "மேல் கூண்டு எங்க செஞ்சது?" சுகர், பிரஷர் பத்தி எழுதினப்போகூட இத்தனை கேள்வி வந்ததில்லை நண்பர்களே. சரி, எழுதிடறேன். நீளமான இழை. பாதியில் விட்டுட்டுப் போயிடாதீங்க. முக்கியமான விஷயம் பாதிக்கு மேலதான் வருது.

முதல்ல ஒண்ணு. நான் எம்பிபிஎஸ் படிச்சு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன். மெக்கானிக் இல்லை. இதுல இருக்கிறது எல்லாம் நான் செஞ்சு பார்த்து, சிலதைத் தப்பா செஞ்சு, திருத்திக்கிட்டது.

வண்டி செகண்ட் ஹேண்ட் இசுசு வி-கிராஸ். நாலு கதவு, பின்னாடி லோடு பாடி. இந்த மாதிரி டபுள் கேப் வண்டி எல்லாத்துலயும் பாடி நீளம் கிட்டத்தட்ட அஞ்சு அடிதான். நான் அஞ்சு அடி ஒம்பது அங்குலம். வாங்கி முடிச்சு வீட்டுக்கு வந்து டேப் பிடிச்சு அளந்தப்போதான் இது தெரிஞ்சது. மனைவி எதுவும் சொல்லலை, சிரிச்சதோட சரி. குறுக்கே மூலைக்கு மூலை படுத்தா ஏழு அடி வரும், ஆனா ஒருத்தருக்குத்தான். அதனால ஏற்பாடு இப்படி ஆச்சு: மனைவியும் ஆறு வயசு மகளும் பின்னாடி, நான் முன் சீட்டைச் சாய்ச்சுக்கிட்டு கேபின்ல.

மேல ஃபைபர் கூண்டு. இதுல சட்டத்தையும் சொல்லிடணும். கம்பெனி கொடுத்த கட்டமைப்பை இஷ்டத்துக்கு மாத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு அனுமதிக்கிறதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியா சொல்லியிருக்கு. அதனால கூண்டு போடுறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கோங்க. உள்ளே வைக்கிற பலகை, பெட்டி எல்லாம் போல்ட்டைக் கழட்டினா கையோட எடுத்து வீட்டுல வைக்கிற மாதிரி இருக்கட்டும். வெல்டிங் வேண்டாம். இன்னொண்ணு, படுக்கை போட்டாச்சுன்னு பின்னாடி ஆளை உட்கார வச்சு ஓட்டாதீங்க. வண்டி நின்ன பிறகு படுக்கத்தான் அது. ஏன்னு கீழே வரும்.

எடை. பிக்கப் தானே, எவ்வளவு வேணாலும் தாங்கும்னு நினைப்போம். ஆர்சி புத்தகத்தை எடுத்து மொத்த எடையில் இருந்து வெறும் வண்டி எடையைக் கழிச்சுப் பாருங்க. மிச்சம் இருக்கிறதுல உங்க உடம்பு, மனைவி, பிள்ளை, கூண்டு, பலகை, தண்ணி எல்லாம் அடங்கணும். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ரெண்டு இருபது லிட்டர் கேனே நாப்பது கிலோ ஆச்சு. நான் முதல் தடவை வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வச்சேன். அது மட்டும் அம்பது கிலோவுக்கு மேல. அதுல ஆசிட் வேற, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வேற. படுக்கிற இடத்துல அதுக்கு வேலையே இல்லை. அடுத்த மாசமே சின்ன லித்தியம் பேட்டரிக்கு மாறிட்டேன். ஒரு ஃபேன், ரெண்டு லைட், போன் சார்ஜுக்கு அது தாராளம். கனமான சாமான் எல்லாம் கீழே, முன்பக்கமா கேபினை ஒட்டி. கூண்டு மேல எடை ஏத்தாதீங்க. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. தலை கனத்த வண்டி வளைவுல எப்படிச் சாயும்னு நான் சொல்லவேண்டியதில்லை.

பலகை பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்லை. தண்ணி தாங்குற பிளைவுட், 18 மில்லி. தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர் ரெண்டு நாள்ல முடிச்சுக் கொடுத்தார். ஓரத்துல ஒரு அடி அகலத்துக்கு சாமான் வைக்க இடம் விட்டோம். மெத்தை உங்க விருப்பம்.

எனக்கு ரொம்பப் பெருமையா இருந்தது ரப்பர் பீடிங்தான். பிக்கப் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், பின் கதவு இடுக்கு வழியா மண் ரோட்டுப் புழுதி மொத்தமும் உள்ளே வந்துடும். கொசு வேற. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு இடுக்கா அடைச்சேன். பின் கதவு, கூண்டும் பாடியும் சேர்ற இடம், வயர் போற ஓட்டை, எல்லாம். உள்ளே லைட்டைப் போட்டு, ராத்திரி வெளியே நின்னு எங்கேயாவது வெளிச்சம் கசியுதான்னு பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரலை.

அந்தப் பெருமைதான் அடுத்த மாசம் ஏற்காட்டில் என் குடும்பத்தைக் கொண்டுபோயிருக்கும்.

பொங்கல் லீவு. நண்பரோட காபி எஸ்டேட்ல, அவர் அனுமதியோட வண்டியை நிறுத்தியிருந்தோம். (காப்புக்காட்டுல வனத்துறை அனுமதி இல்லாம போய் நிறுத்தாதீங்க, அது தனி வம்பு.) நல்ல பனி. கரி அடுப்புல கோழி சுட்டுச் சாப்பிட்டோம். ஒம்பதரை மணிக்கு மகளுக்குப் பல் கிட்டிச்சு. அடுப்புல புகை இல்லை, ஜுவாலை இல்லை. நீறு பூத்த கங்கு மட்டும் ரெண்டு கை அளவு. அணையப் போறதுதானேன்னு, இரும்புத் தட்டு மேல வச்சு, அந்த ஒரு அடி ஓரத்துல நானே உள்ளே வச்சேன். கதவைச் சாத்தினேன். கேபின்ல போய்ப் படுத்துட்டேன்.

ஆமா, நானேதான். கார்பன் மோனாக்சைடு பத்திப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதிப் பாஸானவன்.

பன்னெண்டு மணிக்கு மேல மனைவி கண்ணாடியைத் தட்டினாங்க. "என்னங்க, தலை வெடிக்குது. பாப்பா வாந்தி எடுத்துட்டா." போய்ப் பார்த்தேன். மகள் துவண்டு கிடந்தா. மலை ஏறின வளைவு ஒத்துக்கலை, இல்லை கோழி ஒத்துக்கலைன்னு நினைச்சேன். பையில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தது. ரெண்டு பேர் விரல்லயும் மாட்டினேன். 98, 99. அப்பாடான்னு இருந்தது. பாராசிட்டமால் கொடுத்தேன். குளிருதேன்னு நானும் உள்ளே ஏறி, கதவைச் சாத்திக்கிட்டு, மகளை மடியில போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு இருபது நிமிஷம் இருக்கும். என் நெத்திப்பொட்டு விண்ணுன்னு தெறிக்க ஆரம்பிச்சது.

அப்பதான் மண்டையில் உறைச்சது. ஒருத்தருக்குத் தலைவலின்னா அது தலைவலி. ஒரே அறையில் இருக்கிற மூணு பேருக்கும் தலைவலின்னா அது அறையோட வியாதி. காலால கதவை உதைச்சுத் திறந்தேன். அடுப்பைத் தட்டோட வெளியே வீசினேன். ரெண்டு பேரையும் கேபின்ல தூக்கிப் போட்டு, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மலையிலேயே இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் பத்து நிமிஷத்துல போய்ச் சேர்ந்தேன். அந்தப் பத்து நிமிஷமும் மகள் பேரைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே ஓட்டினேன். அவ ரெண்டு தடவை "ம்" கொட்டினா.

ட்யூட்டியில் இருந்த டாக்டர் எனக்கு ஜூனியர் வயசு. கேள்வி எதுவும் கேட்டுக்கிட்டு நிக்கலை. பை வச்ச மாஸ்க்ல முழு வேகத்துல ஆக்சிஜன் போட்டார். மீட்டர்ல 98 காட்டுதேன்னு அவர் ஏமாறலை. விடியக்காலையில் மகள் எழுந்து "இட்லி வேணும்"னா. நான் வராண்டாவுக்குப் போயிட்டேன். தினமும் நோயாளியோட அப்பாக்கள் எல்லாம் ஏன் அந்த வராண்டா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

இப்போ விஷயத்துக்கு வரேன். கரி முழுசா எரிய நிறைய காத்து வேணும். காத்து பத்தலைன்னா கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமல் வராது. புகை வந்தாலாவது எழுந்து ஓடுவோம். புகையே இல்லாத கங்குதான் ஆளை ஏமாத்தும். இந்த வாயு நம்ம ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். ஆக்சிஜன் ஏற இடம் இருக்காது. மூளைக்கும் இதயத்துக்கும் பட்டினி. முதல்ல தலைவலி, அப்புறம் குமட்டல், மயக்கம், தூக்கம். தூங்கிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு முதல் மூணும் தெரியாமலே போயிடலாம்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் ஏன் பொய் சொல்லுச்சு? அது விரல் வழியா வெளிச்சத்தை அனுப்பி ரத்தத்தோட நிறத்தைத்தான் பார்க்குது. ஆக்சிஜன் ஏறின ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தமும் அதுக்கு ஏறக்குறைய ஒரே சிவப்பு. கொரோனாவுக்கு அப்புறம் எல்லார் வீட்டுலயும் இந்த மீட்டர் இருக்கு. மத்த வியாதிக்கு நல்ல கருவி. இதுக்கு மட்டும் அதை நம்பாதீங்க. சரியான அளவு தெரிய ரத்தத்தை கோ-ஆக்சிமீட்டர்ல பார்க்கணும். ஆனா சந்தேகம் வந்தா ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் ஏறின வாயு பாதியாக் குறைய, வெறும் காத்துல 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க்ல முழு ஆக்சிஜன் கொடுத்தா ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள்ள. கர்ப்பிணின்னா வயித்துல இருக்கிற குழந்தைக்கு இன்னும் ஆபத்து, அவங்க நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் கூட்டிட்டுப் போயிடுங்க.

ஊருக்குத் திரும்பின பிறகு தூக்கம் வராம பழைய ஆய்வுகளைத் தேடிப் படிச்சேன். 1992-ல் ஜாமா இதழில் வந்த ஒண்ணு என்னை உலுக்கிடுச்சு. அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் எழுதினது. கார்பன் மோனாக்சைடு விஷத்துக்கு அவங்க உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை கொடுத்த குழந்தைகள்ல 20 பேர் பிக்கப் வண்டியின் பின்பகுதியில் பயணம் செஞ்சவங்க. 17 பேர் மூடின கூண்டுக்குள்ள, 3 பேர் தார்ப்பாய்க்குக் கீழே. 15 குழந்தைகள் நினைவிழந்திருக்காங்க. ஒரு குழந்தை இறந்தே போச்சு. அடுப்பு இல்லை, கரி இல்லை. வண்டியோட சொந்தப் புகை. சைலன்சர்ல ஓட்டையோ, புகைக்குழாய் நேரா பின்பக்கம் பார்த்தோ இருந்திருக்கு. வண்டி ஓடும்போது பின்னாடி காத்தழுத்தம் குறையும். கழிஞ்சு போகவேண்டிய புகையை வண்டியே திரும்ப உள்ளே இழுத்துக்கும்.

இதைப் படிச்சப்போ எனக்கு கேம்பிங் ஞாபகம் வரலை. குலதெய்வம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் லோடு வேன்ல, மழைக்குத் தார்ப்பாயைச் சுத்தி இறக்கிக் கட்டிட்டு, மடியில் பிள்ளைகளோட போற நம்ம ஜனங்கதான் ஞாபகம் வந்தாங்க. "வாந்தி எடுத்துட்டே வந்தான் சார், வண்டி ஒத்துக்கல"ன்னு கூட்டிட்டு வர்ற பிள்ளைகளை நானே எத்தனையோ தடவை பார்த்து மாத்திரை எழுதி அனுப்பியிருக்கேன். இப்போ "எந்த வண்டியில, எங்க உட்கார்ந்து வந்தீங்க, கூட வந்தவங்களுக்கும் தலைவலியா?"ன்னு கேட்காம விடறதில்லை.

சரி, வண்டியில் என்ன மாத்தினேன்? ரெண்டு ஓட்டை போட்டேன். கூண்டின் ஒரு பக்கம் கீழே ஒண்ணு, எதிர்ப்பக்கம் மேல ஒண்ணு, கொசு வலையோட. மூட முடியாத மாதிரி. பக்கக் கண்ணாடியும் ரெண்டு விரல் திறந்தே இருக்கும். குளிருதா? குளிரட்டும். பாதிக் குளிர் கீழே இருந்துதான் வரும். அடியில் கனமா விரிச்சுக்கோங்க, கம்பளி போத்திக்கோங்க. ரப்பர் ஹாட் பேக்ல வெந்நீர் ஊத்தித் துணியில சுத்திக் கால்மாட்டுல வச்சா நடுராத்திரி வரை தாங்கும். எரியுற பொருள் எதுவும் உள்ளே கிடையாது. கரி, காடா விளக்கு, கேஸ் அடுப்பு, எதுவுமே. டெண்டுக்கும் இதே சட்டம். கொடைக்கானல், ஊட்டியில ரூமுக்குள்ள கரி அடுப்பை எடுத்துட்டுப் போறவங்களுக்கும் இதேதான். வண்டியை ஆன் பண்ணி ஏசி போட்டுட்டுத் தூங்குறதும் வேண்டாம்.

சின்ன கேஸ் சிலிண்டரும் ராத்திரி வெளியேதான். எல்பிஜி காத்தை விடக் கனம். கசிஞ்சா மேல பறந்து போகாது, பாடியோட தரையில தண்ணி மாதிரி தேங்கி நிக்கும்.

பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு தலைமாட்டுக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். ஸ்மோக் அலாரம் வேற, இது வேற. வாங்கும்போது பார்த்து வாங்குங்க. ஒரு டயர் விலையில கால்வாசிகூட ஆகாது. டயருக்கு நாம கணக்குப் பார்க்கிறதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சைலன்சரைக் கழட்டிப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிட்ட சொல்லியிருக்கேன். வண்டி ஓடும்போது பின்னாடி யாரும் இல்லை, நாய்கூட இல்லை.

போன மாசம் மறுபடி போனோம். மனைவி ஏறின உடனே அந்த ரெண்டு ஓட்டையிலயும் கையை வச்சுக் காத்து வருதான்னு பார்த்தாங்க. என்கிட்ட எதுவும் கேட்கலை. பார்த்துட்டுப் படுத்தாங்க.

வயரிங், பியூஸ் பத்திக் கேட்டவங்களுக்கு அடுத்த இழையில எழுதறேன். அந்தக் கரி அடுப்பு இப்போ மொட்டைமாடியில இருக்கு. மகள் அதுல மண்ணு போட்டுக் கற்பூரவல்லி நட்டிருக்கா.